செம்பில் வெட்டிய சொல்



நம் வீட்டுச் சமையலறையில் இருக்கும் பழைய பித்தளைக் குடம் ஒன்றை எடுத்து அதன் கழுத்தோரத்தைப் பாருங்கள். அங்கே ஒரு பெயர் வெட்டப்பட்டிருக்கும். அது உங்கள் பாட்டியாரின் பெயராக இருக்கலாம். அல்லது திருமணத்திற்குச் சீர் கொடுத்தவரின் பெயராக இருக்கலாம். குடத்தை வாங்கியவர் இன்று இல்லாதிருக்கலாம். வாங்கிய கடையும் இல்லாதிருக்கலாம். புளியும் சாம்பலும் இட்டு நாள்தோறும் தேய்த்த தேய்ப்பையெல்லாம் தாங்கிக்கொண்டு அந்தப் பெயர் மட்டும் நிற்கிறது.

பள்ளிக்கு வந்தால், தலைமை ஆசிரியர் அறையின் கண்ணாடிப் பேழையில் வெற்றிக் கேடயங்கள் இருக்கின்றன. அவற்றின் மேல் சிறு சிறு தகடுகள். தகடு ஒவ்வொன்றிலும் ஓர் ஆண்டு, ஓர் அணியின் பெயர். வாயிலில் பள்ளியின் பெயர்ப் பலகை. குடத்தின் பெயர், கேடயத்தின் தகடு, வாயிலின் பலகை ஆகிய மூன்றும் ஒரே தொழிலின் பிள்ளைகள். உலோகத்தில் எழுத்தும் சித்திரமும் வெட்டும் தொழில் அது. மிகப் பழைய தொழில். ஆயினும் அதனைப் பற்றி நாம் எண்ணிப் பார்ப்பது குறைவு. கெடில நதி பாயும் கடலூர் வட்டாரத்தையும், அதற்குத் தெற்கே உள்ள தில்லையாகிய சிதம்பரத்தையும் நடுவாக வைத்து, அத்தொழிலைப் பற்றிச் சில செய்திகளை இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

தமிழன் முதலில் எழுதியது ஓலையிலா, கல்லிலா, உலோகத்திலா என்று இங்கே ஆராய வேண்டியதில்லை. அன்றாட எழுத்துக்கெல்லாம் பனையோலையே போதுமானதாக இருந்தது என்பது தெளிவு. ஓலை எளிதிற் கிடைக்கும், விலை குறைவு, எழுத்தாணி ஒன்று போதும். ஆனால் ஓலைக்கு ஆயுள் குறைவு. பூச்சி அரிக்கும், ஈரம் கெடுக்கும், நெருப்பு ஒரு நொடியில் கொண்டுபோகும். கோபம் கொண்டவன் கையால் கிழித்தும் விடலாம். சுந்தரரின் மண நாளன்று முதியவர் ஒருவர் கொண்டு வந்து காட்டிய ஆளோலையைச் சுந்தரர் பற்றிக் கிழித்தார் என்று பெரிய புராணம் கூறுகிறது. அந்த ஓலை செப்பேடாக இருந்திருப்பின் அவரால் கிழித்திருக்க முடியாது அன்றோ?

ஆகவே, பல தலைமுறைக்கு நிற்க வேண்டிய சொல்லை நம் முன்னோர் செம்பில் வெட்டினர். அப்போதும் ஓலையின் வடிவத்தை அவர்கள் மறக்கவில்லை. பழைய செப்பேடுகளைப் பார்த்தால், நீண்டு குறுகிய தகடும், அதில் ஒரு துளையும், துளையினூடே எல்லாத் தகடுகளையும் கோக்கும் வளையமும் காணலாம். ஓலைச்சுவடியின் கயிறே இங்கே செப்பு வளையமாகிவிட்டது. ஏடு என்னும் பெயரும் அப்படியே வந்து 'செப்பேடு' ஆயிற்று.

ஓலையின் அழிவும் செம்பின் காவலும் ஒரே ஊரில் அடுத்தடுத்து நிகழ்ந்த கதை ஒன்று உண்டு. அந்த ஊர் தில்லை.

தேவாரத் திருப்பதிகங்கள் தில்லைக் கோயிலின் ஓர் அறையில் பூட்டப்பட்டுக் கிடந்தன என்றும், சோழ மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் சென்று அறையைத் திறந்தபோது சுவடிகளைச் செல் அரித்திருந்தது என்றும், எஞ்சியவையே நமக்குக் கிடைத்தன என்றும் திருமுறைகண்ட புராணம் கூறுகிறது. அதனை வரலாறு என்று கொள்வோரும் உளர். மரபு என்று கொள்வோரும் உளர். எவ்வாறாயினும், ஓலையை நம்பிய இலக்கியத்திற்கு நேர்ந்த ஆபத்து அந்தக் கதையில் நன்றாகத் தெரிகிறது. அப்பதிகங்களைப் பாடிய மூவருள் ஒருவரான திருநாவுக்கரசர் சமண் சமயத்தை விட்டுச் சைவத்திற்குத் திரும்பிய இடம் கெடிலக் கரையிலுள்ள திருவதிகை. அவர் கல்லையே தெப்பமாகக் கொண்டு கரையேறியதாகச் சொல்லப்படும் இடம் கடலூரிலுள்ள திருப்பாதிரிப்புலியூர். ஆகவே அச்சுவடிகளின் இழப்பு இந்த வட்டாரத்திற்குச் சொந்த இழப்பே ஆகும்.

இந்த ஆபத்தை உணர்ந்த ஒருவர் பின்னாளில் தோன்றினார். முதற் குலோத்துங்க சோழனிடத்தும் அவன் மகன் விக்கிரம சோழனிடத்தும் படைத்தலைவராக விளங்கிய நரலோகவீரன் என்பவரே அவர். மணவிற் கூத்தன் காலிங்கராயன் என்றும் அவரை வழங்குவர். குலோத்துங்கன் ஆட்சி 1070 முதல் 1120 வரை நிகழ்ந்தது. விக்கிரமன் ஆட்சி 1135 வரை நீண்டது. நரலோகவீரன் சிதம்பரத்திலும் திருவதிகையிலும் செய்த திருப்பணிகளை அவ்வூர்க் கோயில்களிலுள்ள வெண்பாக் கல்வெட்டுகள் விரித்துரைக்கின்றன. சிதம்பரக் கல்வெட்டு தரும் செய்திகளுள் ஒன்று, மூவர் பாடிய திருப்பதிகங்களை அவர் செப்பேடுகளில் எழுதுவித்தார் என்பது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்த வரலாற்றறிஞர் தி. வை. சதாசிவ பண்டாரத்தார் போன்றோரின் நூல்களால் இவருடைய வரலாறு தமிழுலகிற்கு நன்கு தெரியவந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். செப்பேடு என்றால் அரசன் நிலம் கொடுத்த ஆணை என்றே நாம் எண்ணுகிறோம். எல்லையும் வரியும் கூறும் ஆவணத்திற்கே செம்பு ஏற்றது என்பது வழக்கம். நரலோகவீரனோ பாட்டைச் செம்பில் ஏற்றினார். நிலத்திற்குக் கொடுத்த காவலைப் பாட்டிற்கும் கொடுத்தார். பிற்காலத்தில் திருமலையில் அன்னமாசாரியரின் கீர்த்தனைகளும் இவ்வாறே செப்பேடுகளில் வெட்டப்பட்டன.

நரலோகவீரன் வெட்டுவித்த ஏடுகளை நாம் அறிவது கல்வெட்டு வாயிலாகவே என்பது சற்றே வருத்தம் தரும் செய்தி. செம்பு செய்த வேலையைக் கல் நினைவில் வைத்திருக்கிறது. காரணம் ஊகிக்கக் கூடியதே. ஓலை மலிவான பொருள் ஆதலால் செல்லுக்கு இரையாகிறது. செம்பு விலையுள்ள பொருள் ஆதலால் மனிதனுக்கு இரையாகிறது. பழஞ் செம்பு எடைக்கு விலைபோகும். உருக்கு உலையில் இட்டால் பதிகமும் பாத்திரமும் ஒன்றே. செப்பேடு நிலைக்க வேண்டுமானால், செம்பின் விலையைவிடச் சொல்லின் விலை பெரிது என்று அறிந்தவர் தலைமுறைதோறும் இருந்தாக வேண்டும்.

அத்தகையவர் இருந்தனர் என்பதற்கும் சான்று உண்டு. சிதம்பரத்திலிருந்து கொள்ளிடத்தைக் கடந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் சென்றால் சீர்காழி. திருஞானசம்பந்தர் பிறந்த ஊர். அங்குள்ள சட்டைநாதர் கோயிலில் 2023 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், குடமுழுக்கிற்கான யாகசாலை அமைக்க மண் தோண்டினார்கள். மண்ணுக்குள்ளிருந்து ஐம்பொன் திருமேனிகள் இருபதுக்கு மேல் வெளிப்பட்டன. அவற்றுடன் தேவாரப் பதிகங்கள் வெட்டிய செப்பேடுகள் நானூறுக்கு மேல் வெளிப்பட்டன. ஏதோ ஓர் இக்கட்டான காலத்தில், யாரோ சிலர் திருமேனிகளோடு பாட்டையும் சேர்த்து மண்ணில் மறைத்து வைத்திருக்கிறார்கள். உருக்கி விற்றிருக்கலாம், விற்கவில்லை. அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. அவர்கள் காத்த எழுத்து நம் கையில் இருக்கிறது.

இனி, இந்த எழுத்து எவ்வாறு வெட்டப்பட்டது என்று பார்ப்போம்.

செம்பு மென்மையான உலோகம். ஆனால் சம்மட்டியால் தட்டத் தட்ட அது இறுகும். மேலும் தட்டினால் விரியும். ஆகவே தட்டுவதும், நெருப்பிலிட்டுப் பதப்படுத்துவதும், மீண்டும் தட்டுவதுமாகத் தகட்டை உருவாக்கினர். பல செப்பேடுகளில் ஓரத்தைச் சிறிது தடிக்கச் செய்து உயர்த்தியிருப்பதைக் காணலாம். அது அழகுக்காக மட்டும் அன்று. ஏட்டின்மேல் ஏட்டை அடுக்கும்போது, ஓரமும் ஓரமும் தொட்டு நிற்கும். நடுவிலுள்ள எழுத்துகள் ஒன்றோடொன்று உராய்ந்து தேயா. ஓர் எளிய யோசனை ஆயிரம் ஆண்டுக் காவலைத் தந்துவிட்டது.

வாசகத்தை இயற்றியவர் ஒருவர்; அதனை உளியால் வெட்டியவர் வேறொருவர். செய்யுள் பாடிய புலவர் பெயரும், வெட்டிய தொழிலாளர் பெயரும் சில செப்பேடுகளில் தனித்தனியே காணப்படுகின்றன. முதலாம் இராசேந்திர சோழன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் 31 ஏடுகள் கொண்டவை. அவற்றின் இறுதியில், காஞ்சிபுரத்தைச் சேர்ந்த எழுத்துவெட்டும் குடியினரின் பெயர்கள் உள்ளன. பாண்டியரின் வேள்விக்குடிச் செப்பேட்டிலும் அதனை எழுதியவனுடைய பெயர் இடம்பெற்றிருக்கிறது. மன்னன் பெயர் முதலில் வருகிறது. தொழிலாளி பெயர் கடைசியில் வருகிறது. ஆனால் இரண்டும் ஒரே செம்பில், ஒரே ஆழத்தில் வெட்டப்பட்டிருக்கின்றன.

வெட்டுவதில் இருவகை உண்டு. கூரிய முனையால் உலோகத்தைச் சீவி எடுப்பது ஒருவகை. மழுங்கிய முனையைச் சுத்தியால் தட்டி, உலோகத்தைச் சீவாமலே பள்ளமாக்குவது மற்றொரு வகை. முதல் வகையில் உலோகம் சிறிது குறையும். இரண்டாம் வகையில் குறையாது. பொன்னில் வேலை செய்பவர்க்கு இந்த வேறுபாடு மிகவும் முக்கியம். சீவிய துகளும் பொன்னே அல்லவா? வேலை செய்யும்போது தகடு அசையாதிருக்க, அதனை அரக்கிலோ, குங்கிலியமும் செங்கற்பொடியும் கலந்த மெழுகிலோ பதித்துக்கொள்வர். அந்தப் பதிவு அடியைத் தாங்கும். வேலை முடிந்ததும் சூடு காட்டினால் தகட்டை விட்டுவிடும்.

நேர்க்கோடு வெட்டுவது உளிக்கு எளிது, வளைவு கடினம். தமிழ் எழுத்தோ வளைவு மிக்கது. ஓலைக்கென்று வளைந்த எழுத்தை உலோகத்தில் வெட்டும் தொழிலாளி, ஒரு வளைவைப் பல சிறு வெட்டுகளாகப் பிரித்துக்கொள்கிறான். ஒவ்வொரு வெட்டுக்கும் உளி சிறிது திரும்புகிறது. அல்லது உளி நிற்க, தகடு திரும்புகிறது. எட்ட நின்று பார்ப்பவர்க்கு ஒரே இழையாகத் தோன்றும் வளைவு, உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் அடுத்தடுத்த அடிகளின் வரிசையாகத் தெரியும். பாத்திரக் கடைகளில் சிறு உளியும் சுத்தியும் கொண்டு பெயர் வெட்டியவர்களின் எழுத்து புள்ளி புள்ளியாகத் தோன்றுவதற்கும் காரணம் இதுவே.

தவறு நேர்ந்தால் என்ன செய்வது? இதுதான் இத்தொழிலின் உயிரான கேள்வி. தாளில் அடித்து எழுதலாம், கரும்பலகையில் துடைக்கலாம், செம்பில் வெட்டியது வெட்டியதே. சில செப்பேடுகளில், தவறிய இடத்தைச் சுத்தியால் தட்டிச் சமனாக்கி, அதன்மேல் மீண்டும் வெட்டியிருக்கிறார்கள். விடுபட்ட எழுத்தை வரியின் கீழே சேர்த்திருப்பதும் உண்டு. ஆனால் தட்டிச் சமனாக்கிய இடத்தில் பழைய எழுத்தின் நிழல் தெரியும். பல நூற்றாண்டுகள் சென்ற பின்னும் ஆராய்ச்சியாளர் அந்த நிழலைப் படித்து, இங்கே முதலில் வேறோர் எழுத்து இருந்தது என்று கூறிவிடுகிறார்கள். ஆகையால் இத்தொழிலின் திறமையிற் பெரும்பகுதி உளி தொடுவதற்கு முன்னரே முடிந்துவிடுகிறது. வாசகத்தைப் படித்தல், எண்ணுதல், இடம் அளத்தல், பிறர் படிக்கக் கேட்டு ஒத்துப்பார்த்தல் ஆகிய இவையே பெரிய வேலை. வெட்டுதல் அதன் கடைசிப் படி.

ஏடுகளைக் கோத்த வளையத்தின் இரு முனையும் அரச முத்திரைக்குள் இறுக்கப்படும். சோழர் முத்திரையில் புலியும், இரு மீனும், வில்லும், மேலே குடையும் சாமரைகளும், சுற்றிலும் எழுத்துகளும் இருக்கும். வளையத்தை வெட்டாமல் ஓர் ஏட்டை எடுக்கவோ புதிய ஏட்டைச் சொருகவோ முடியாது. மோசடியைத் தடுக்க இது நல்ல காவல். ஆயினும் போலிச் செப்பேடுகளும் தோன்றாமல் இல்லை. நிலத்தின் மேல் ஆசை கொண்டவர்கள் பழைய அரசன் பெயரால் புதிய ஏடு வெட்டியதுண்டு. பிற்கால எழுத்து வடிவம், பொருந்தாத ஆண்டு முதலியவற்றைக் கொண்டு அறிஞர் அவற்றைக் கண்டுபிடிக்கிறார்கள். அரச ஆணையைப் போலியாகச் செய்பவனுக்கு மரண தண்டனை விதிக்குமாறு மனுநூல் கூறுகிறது. உலோகம் உண்மையையும் காக்கும். பொய்யையும் அதே உறுதியோடு காக்கும். எதனை வெட்டுவது என்பது மனிதன் பொறுப்பு.

இதுவரை ஆவணத்தைப் பார்த்தோம். இனி, விருதைப் பார்ப்போம்.

சிறந்தோருக்கு உலோகத்தில் சிறப்புச் செய்வது நம் நாட்டிற்குப் புதிதன்று. பாணர்க்கு மன்னர் பொற்றாமரைப் பூ அளித்ததைச் சங்க நூல்களிற் காண்கிறோம். படைத்தலைவர்க்கு ஏனாதி மோதிரமும், வணிகர்க்கு எட்டிப் பூவும், வேளாளர்க்குக் காவிதிப் பூவும் அளிக்கப்பட்டன என்பர். 'பட்டம்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். நெற்றியில் கட்டும் பொற்றகட்டிற்கு அப்பெயர் வழங்கியது. அதனால்தான் இன்றும் 'பட்டம் கட்டுதல்' என்கிறோம். கோயில் யானைக்கு நெற்றிப்பட்டம் அணிவிக்கிறோம். 1929 ஆம் ஆண்டில் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பட்டமளிப்பு விழா நடக்கும்போது மாணவர் பெறுவது தாள்தான். ஆயினும் அத்தாளுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் பழைய பொற்றகட்டின் பெயர். முதன்மை பெறுபவர்க்கு வழங்கும் பதக்கத்தில் அந்தத் தகடு மீண்டும் தோன்றுகிறது.

பதக்கம் செய்வதில் ஒரு நுட்பம் உண்டு. பதக்கத்தில் எழுத்து புடைத்து நிற்க வேண்டுமானால், அதனை அடிக்கும் எஃகு அச்சில் எழுத்து குழிந்திருக்க வேண்டும். பதக்கத்தில் இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டுமானால், அச்சில் அது வலமிருந்து இடமாக, கண்ணாடியில் தெரிவதுபோல் இருக்க வேண்டும். மேட்டைப் பள்ளமாகவும், நேரைத் தலைகீழாகவும் மனத்திற் கண்டு வெட்டியவர்களே நாணயமும் பதக்கமும் செய்த அச்சு வெட்டுவோர்.

இந்திய விடுதலையின் வெள்ளி விழா 1972 ஆம் ஆண்டில் கொண்டாடப்பட்டபோது, விடுதலைப் போராட்ட வீரர்களுக்கு அரசாங்கம் தாமிரப் பத்திரம் வழங்கிற்று. வேறு எத்தனையோ பொருள்கள் இருக்க, செப்பேட்டையே தேர்ந்தெடுத்தனர். பழைய மரபு உள்ளத்தில் எவ்வளவு ஆழமாக வெட்டப்பட்டிருக்கிறது பாருங்கள்! நாட்டின் தலைசிறந்த விருதாகிய பாரத ரத்னா, வெண்கலத்தாலான ஓர் அரசிலையின் வடிவில் அமைந்தது. இலையின் மேல் பிளாட்டினத்தில் கதிரவன் உருவம் பதிந்திருக்கும். கல்கத்தாவிலுள்ள அரசாங்க நாணயச்சாலையில் அது செய்யப்படுகிறது. 1954 ஆம் ஆண்டில் முதன்முதலாக அவ்விருதைப் பெற்றவர்கள் இராஜாஜி, இராதாகிருஷ்ணன், சி. வி. இராமன் ஆகிய மூவர். பனையோலையில் தொடங்கிய கதை அரசிலையில் வந்து நிற்பது பொருத்தமாகவே இருக்கிறது.

இன்று வெட்டும் முறைகள் வெகுவாக மாறிவிட்டன. அவற்றின் பின்னுள்ள அறிவியல் உங்கள் பாடப் புத்தகத்தில் உள்ளதே. பாண்டோகிராஃப் என்னும் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு கோல்களை இணைகரமாக இணைத்த அமைப்பு அது. ஒரு முனையைப் பெரிய மாதிரி எழுத்தின் மேல் நடத்தினால், மறுமுனை அதே எழுத்தைச் சிறிதாக வெட்டும். நான்கில் ஒரு பங்காகச் சிறுக்கும்போது, கை நடுக்கமும் நான்கில் ஒரு பங்காகச் சிறுக்கும். வடிவியலில் நீங்கள் படிக்கும் ஒத்த உருவங்களின் விதி இங்கே பிழைப்புக்கு உதவுகிறது.

பித்தளைப் பெயர்த் தகடுகளை அரித்துச் செய்யும் முறை வேறு. தகட்டின் மேல் கரைசல் தாக்காத பூச்சு ஒன்றைப் பூசி, எழுத்து வரவேண்டிய இடத்தில் மட்டும் உலோகம் வெளித்தெரியுமாறு விடுவார்கள். பெர்ரிக் குளோரைடு கரைசலில் அதனை இட்டால், திறந்த இடத்திலுள்ள செம்பு கரைந்து பள்ளமாகும். அப்பள்ளத்தில் கறுப்பு வண்ணத்தை நிரப்பி மேற்பரப்பைத் துலக்கினால் எழுத்து எடுப்பாகத் தெரியும். கரைசல் கீழ்நோக்கி மட்டும் அரிப்பதில்லை, பக்கவாட்டிலும் அரிக்கும். நேரம் சற்றுக் கூடினால் எழுத்து தடித்து, நுண்ணிய இடைவெளி மறைந்துவிடும். இங்கே உளிக்குப் பதிலாகக் கடிகாரம் கருவியாகிறது.

இப்போது லேசர் கதிரும் வந்துவிட்டது. கணிப்பொறியில் எழுதியதை அது உலோகத்தின் மேல் சில நொடிகளில் பொறித்துவிடும். தகட்டை ஊடுருவி வெட்டியும் தரும். தகட்டை ஊடுருவி வெட்டும்போது தமிழ் எழுத்து ஒரு சோதனை வைக்கிறது. ட, ப போன்ற எழுத்துகளில் மூடிய சுழி இல்லை, வெட்டினாலும் தொல்லையில்லை. ண, ன போன்ற எழுத்துகளிலும், கொம்பிலும் சுழி உண்டு. சுற்றிலும் வெட்டினால் சுழியின் நடுத்துண்டு கீழே விழுந்துவிடும். எழுத்து கண்ணிழந்து வெற்றுத் துளையாகிவிடும். ஆதலால் நடுத்துண்டைப் பிடித்துக்கொள்ள மெல்லிய பாலம் ஒன்றை விட்டு வெட்ட வேண்டும். முற்காலத்தில் மூட்டைகளில் குறியிடுவதற்காகத் தகரத்தில் எழுத்து வெட்டியவர்களும் இதையே செய்தனர். பாலத்தை எங்கே வைத்தால் படிப்பவர் கண்ணுக்கு உறுத்தாது என்பதை இயந்திரம் அறியாது. தமிழ் அறிந்த கண்ணே அறியும்.

இயந்திரம் வேகத்தைத் தந்திருக்கிறது. தவற்றைத் திருத்தும் ஆற்றலைத் தரவில்லை. உளியால் வெட்டியவன் ஒரு பெயரைப் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருப்பான். ஓர் எழுத்து பிழையாக இருந்தால் அவன் கண்ணிற் படுவதற்கு வாய்ப்புண்டு. லேசர் பத்து நொடியில் வெட்டிவிடுகிறது. பிழையையும் பத்து நொடியில் நிலைபெறச் செய்துவிடுகிறது. மேடையேறிக் கேடயம் வாங்கும் மாணவி, தன் பெயரில் ளகரம் லகரமாகிவிட்டதைக் கண்டால், அவளுக்கு அந்த வெற்றி சிறிது கசக்கும். அவள் ஆயுள் முழுவதும் அந்தப் பிழை அலமாரியில் நின்றுகொண்டிருக்கும். பெயரைச் சரியாக எழுதித் தருவது சிறிய காரியம் என்று எண்ணாதீர்கள். உங்கள் பள்ளியில் பரிசுத் தகடுகளுக்குப் பட்டியல் எழுதும் பொறுப்பு உங்களுக்கு வந்தால், பெயருக்குரியவரிடமே காட்டி ஒத்துப்பார்த்த பின்னரே தொழிலாளியிடம் கொடுங்கள். செப்பேடு வெட்டியவர்கள் கற்பித்த முதற்பாடம் இது.

அவர்கள் கற்பித்த இரண்டாம் பாடம் ஒன்று உண்டு. அதனைக் கூற மீண்டும் கடலூருக்கு வருகிறேன்.

1857 ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை அடக்கியபோது கொடுமை பல இழைத்தவன் நீல் என்னும் ஆங்கிலத் தளபதி. அவனுக்குச் சென்னை மவுண்ட் ரோடில் வெண்கலச் சிலை வைத்துப் பீடத்தில் புகழுரையும் பொறித்தனர். வெண்கலம் நல்ல வெண்கலந்தான். ஆனால் அந்தப் புகழை நாடு ஏற்கவில்லை. 1927 ஆம் ஆண்டில் அச்சிலையை அகற்றக் கோரி அறப்போர் நடந்தது. அதில் கலந்துகொண்டு சிறை சென்றவர்களுள் ஒருவர் கடலூரைச் சேர்ந்த அஞ்சலையம்மாள். 1937 ஆம் ஆண்டில், இராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது, சிலை சாலையிலிருந்து அகற்றப்பட்டு அருங்காட்சியகத்திற்குச் சென்றது. அஞ்சலையம்மாள் 1961 ஆம் ஆண்டில் மறைந்தார். வீரர்களுக்குத் தாமிரப் பத்திரம் வழங்கப்பட்ட 1972 இல் அதனைக் கைநீட்டி வாங்க அவர் இல்லை. நீலின் பெயருக்கு வெண்கலம் இருந்தது, மதிப்பு இல்லை. அஞ்சலையம்மாள் பெயரோ அந்தச் செம்பு கைக்கு வாராமலே நாட்டு மக்கள் நினைவில் நிற்கிறது.

உலோகம் பெருமையைக் காக்குமே அன்றி, பெருமையை உண்டாக்காது. நரலோகவீரனின் செம்பு போற்றப்படுவது செம்புக்காக அன்று. அதில் ஏறிய பாட்டுக்காக. சீர்காழியில் மண்ணுக்குள் ஏடுகளை வைத்தவர்கள் காத்ததும் உலோகத்தை அன்று, சொல்லை. சைவ சித்தாந்த ஆசிரியர்கள் உயிரைப் பற்றிய மலத்திற்குச் செம்பின் களிம்பை உவமையாகக் கூறுவர். செப்பேட்டின் மேலும் களிம்பு படியத்தான் செய்கிறது. அதனை மெல்ல நீக்கி எழுத்தைப் படிக்க ஒருவர் இருக்கும்வரை ஏடு உயிரோடு இருக்கிறது. படிப்பார் இல்லையேல் அது வெறும் தகடு.

ஆகவே, நண்பர்களே, அடுத்த முறை கோயிலுக்கோ அருங்காட்சியகத்திற்கோ செல்லும்போது செப்பேடு ஒன்றைக் கண்டால் சிறிது நின்று பாருங்கள். பழைய எழுத்தைக் கற்றுக்கொள்வது நீங்கள் எண்ணுமளவு கடினமன்று. சில வாரப் பயிற்சியில் எழுத்துகள் முகம் காட்டத் தொடங்கிவிடும். வீட்டிலுள்ள பழைய பாத்திரத்தை எடைக்குப் போடுமுன் அதன் கழுத்தில் உள்ள பெயரைப் படித்து, அவர் யார் என்று பெரியோரைக் கேளுங்கள். உங்கள் பெயரும் ஒருநாள் ஏதேனும் ஒரு தகட்டில் வெட்டப்படலாம். அதற்கு ஏற்ற செயலை உண்டாக்குவது உங்கள் வேலை. அதனைப் பிழையின்றி வெட்டித் தருவது தொழிலாளியின் வேலை. இருவரும் தத்தம் வேலையைச் செம்மையாகச் செய்தால், வெட்டிய சொல் நிற்கும்.